ஊருக்குக் கொடுக்கும் கணவரும் கணக்கில் வராத வீடும்

கேள்வி: எனக்கு 61 வயது. என் கணவர் யாழ்ப்பாணத் தீவகத்துக் காரைநகரைச் சேர்ந்தவர். 15 வயதில் கொழும்புக்கு வந்து உறவினர் ஒருவரின் கடையில் வேலைக்கு நின்றவர். 1983 ஆடிக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தபோது அகதிகளோடு கப்பலேறி ஊருக்குப் போய், இரண்டு ஆண்டுகளின் பின் திரும்பி வந்து, புறக்கோட்டையில் சொந்தமாகப் பலசரக்கு மொத்த வியாபாரம் தொடங்கினார். அப்போது ஊரார் சீட்டுக் காசு எடுத்துக் கொடுத்தார்கள்; நான் என் காப்புகளை அடகு வைத்துக் கொடுத்தேன். போரில் மூடிக்கிடந்த யாழ்ப்பாணப் பாதை திறந்த பின்னர் மாதம் ஒரு முறை ஊருக்குப் போய் வருகிறார். முன்பள்ளிக்குக் கூரை, சனசமூக நிலையத்துக்குக் கட்டடம், பிள்ளைகளுக்குக் கொப்பி என்று கேட்டு வந்த எவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. சென்ற மாதம் 18 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பை எங்களிடம் சொல்லாமல் எடுத்துக் குளம் திருத்தக் கொடுத்துவிட்டார். வங்கிக் கடிதம் மகன் கையில் அகப்பட்டதால்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அது இளைய மகளின் திருமணத்துக்கென்று நான் நினைத்திருந்த காசு. கேட்டால், "ஊர் இல்லையெண்டால் நான் ஆர்?" என்கிறார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வியாபாரம் முன்போல இல்லை என்று மகன் கோபப்படுகிறான். ஊரில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறார்கள். நான் தடுத்தால் தன்னலக்காரி ஆகிவிடுவேனா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் தன்னலக்காரி இல்லை. தன்னலம் உள்ளவர் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கமாட்டார்; வங்கிக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே சண்டைக்குப் போயிருப்பார். உங்கள் கணவர் ஊருக்குக் கொடுத்ததில் நான் குறை காணவில்லை. ஆனால் உங்களுக்குச் சொல்லாமல் கொடுத்தது பிழை, அதைப் பிழை என்றே அவரிடம் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் நீங்கள் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவதால்தான் அவர் ஊரைக் காக்க எழுந்து நிற்கிறார், நீங்கள் வீட்டைக் காக்க எழுந்து நிற்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை நான் பல முறை படித்தேன். கடை தொடங்கியபோது ஊரார் சீட்டுக் காசு கொடுத்தார்கள், நீங்கள் காப்புகளைக் கொடுத்தீர்கள். அப்படியானால் அந்தக் கடைக்கு முதல் போட்டவர்கள் இரண்டு தரப்பினர். ஊரிடம் பட்ட கடனை அவர் நாற்பது ஆண்டுகளாக, வட்டிக்கு மேல் வட்டியாக, எல்லாரும் பார்க்கத் திருப்பிக் கொடுத்துவருகிறார். மற்றக் கடனைப் பற்றி அவர் எப்போதாவது வாய் திறந்து பேசியிருக்கிறாரா? பின்னாளில் உங்களுக்குப் புதுக் காப்புகள் வாங்கித் தந்திருக்கலாம். நான் கேட்பது தங்கத்தை அன்று. அந்தக் கடையின் முதலில் உங்கள் பங்கும் இருந்தது என்று உங்கள் பிள்ளைகள் முன்னிலையில் அவர் சொன்னதுண்டா என்றுதான் கேட்கிறேன். உங்கள் மனதை உறுத்துவது 18 இலட்சத்தைவிட இந்த மௌனம்தான் என்று நினைக்கிறேன்.

அவருடைய பக்கத்தையும் நீதியோடு பார்க்க வேண்டும். காரைநகரிலும் புங்குடுதீவிலும் பிறந்த பிள்ளைகள் பதின்ம வயதிலேயே தெற்கே கடைகளுக்குப் போனதற்குக் காரணம் மண்தான். ஐப்பசி, கார்த்திகை மழையை விட்டால் நீரில்லை. தோண்டிய கிணறுகள் பலவற்றில் உவர்நீர். வயலும் கடலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு போடவில்லை. ஆகவே ஊர் தன் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பியது. கடையில் நின்ற பிள்ளை அனுப்பிய காசில் பள்ளிக்கூடத்துக்குக் கூரையும் கோயிலுக்கு மதிலும் எழுந்தன. இது இவர் ஒருவருடைய பழக்கமன்று, தலைமுறைகளாக வந்த ஏற்பாடு. தீவகத்தில் மட்டும் உள்ளதும் அன்று. ஒல்லாந்தர் காலத்தில் வணிகம் செய்து பொருளீட்டிய வைத்திலிங்கச் செட்டியார் எழுப்பிய வைத்தீசுவரன் கோயில் வண்ணார்பண்ணையில் இன்றும் நிற்கிறது. 1991 இல் காரைநகர் மக்கள் இடம்பெயர்ந்து, ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது எதைக் கண்டார்கள் என்பதை அவரே உங்களுக்குச் சொல்லியிருப்பார். இடிந்து கிடந்த ஊரைக் கண்ட மனிதர் கூரை போடுவதைப் பொன்னாடை ஆசை என்று எண்ணிவிடாதீர்கள். கடை எரிந்து வெறுங்கையோடு கப்பலில் போய் இறங்கியவனை ஏற்றுக்கொண்ட இடம் அது. "ஊர் இல்லையெண்டால் நான் ஆர்?" என்பது அவரைப் பொறுத்தவரை உண்மையான கேள்வி.

ஆனால் ஒரு மொத்த வியாபாரியிடம் நான் திருப்பிக் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு மூடை வெங்காயம் கடனுக்குப் போனாலும் கொப்பியில் எழுதாமல் விடாதவர், ஊருக்குப் போகும் பணத்துக்கு மட்டும் ஏன் கொப்பி வைக்கவில்லை? நம் வணிகரிடையே தருமம் எந்நாளும் கணக்கோடு சேர்ந்தே இருந்திருக்கிறது. மகமை என்ற சொல்லை உங்கள் கணவர் கட்டாயம் அறிவார்: விற்கும் மூடைக்கு இவ்வளவு, கொள்வனவுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு பங்கைப் பிரித்து, அதைத் தனியே பற்றெழுதி, கோயிலுக்கும் பள்ளிக்கும் செலவிடும் வழக்கம். விருதுநகர் நாடார் வணிகர் மகமைப் பணத்தில் பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். ஆடிவேல் விழாவின்போது செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் தேரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள கதிரேசன் கோயில்களை எழுப்பிய நகரத்தார் தங்கள் பேரேட்டில் சாமியின் பெயருக்கே ஒரு கணக்கு வைத்திருந்தவர்கள். கொடுப்பதை எழுதி வைப்பது விளம்பரமாகிவிடும் என்று அவர்கள் கூசவில்லை. எழுதாமல் விட்டால் தருமத்துக்கும் கேடு, வியாபாரத்துக்கும் கேடு என்று அறிந்திருந்தார்கள்.

மகமையில் எனக்கு மிகவும் பிடித்த இயல்பு, அது வியாபாரத்தோடு ஏறி வியாபாரத்தோடு இறங்குவது. விற்பனை நன்றாக நடந்த மாதத்தில் ஊருக்கு அதிகம் போகும். 2022 இல் டொலர் விலை ஏறி, இறக்குமதிப் பொருள்கள் வருவதே அரிதாகியிருந்த மாதங்களில் தானாகவே குறைந்திருக்கும். உங்கள் மகனின் கோபத்துக்கு இதைவிட நல்ல மறுமொழி இல்லை. தகப்பனாரின் கையைப் பிடிக்கும் வேலை அவனுக்கு வேண்டாம். விற்பனையில் எத்தனை வீதம் ஊருக்கு என்பதை இருவரும் ஒருமுறை உட்கார்ந்து தீர்மானித்தால், பிறகு அந்த வீதமே அளவு சொல்லும். அந்தக் கொப்பியை மாதக் கடைசியில் மகனே எழுதட்டும். எழுதுகிறவனுக்குக் காலப்போக்கில் அந்த ஊர்மேல் உரிமை பிறப்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், வழக்குப் போடுவதற்காக இல்லை. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, பெற்றோர் வழி வந்த முதுசம், சீதனம் என்பவற்றிலிருந்து பிரித்து, திருமணத்துக்குப் பின் உழைத்துச் சேர்த்ததைத் தேடிய தேட்டம் என்கிறது. கொழும்பில் வந்து குடியிருப்பதால் மட்டும் அந்த வழமை ஒருவரை விட்டு நீங்கிவிடுவதில்லை. 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் அதன் 1947 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படியும், ஒருவர் இறக்கும்போது, செலவழியாமலும் வேறெவருக்கும் எழுதிக் கொடுக்காமலும் எஞ்சியிருக்கும் அவருடைய தேடிய தேட்டத்தில் பாதி அவருடைய துணைக்கு, மறுபாதி வாரிசுகளுக்கு. வைப்பு யாருடைய பெயரில் இருந்தாலும், அதைத் தேடியவர்கள் இருவர் என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கடை, வீடு, ஊர்க்காணி ஆகியவற்றைப் பற்றி அவர் இன்னும் எதையும் எழுதி வைக்கவில்லையென்றால், இந்த வழமை அறிந்த சட்டத்தரணி ஒருவரை இருவருமாகச் சென்று பாருங்கள். உங்கள் வயதில் இருவரும் செய்யத் தாமதிக்கக் கூடாத வேலை இது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் தகப்பனார். அவரும் தெற்கே ஒரு சிறு பட்டணத்தில் கடை வைத்திருந்தவர்; ஊர்ப் பள்ளிக்கூடத்தின்மேல் உயிராயிருந்தவர். அவர் இறந்து, அந்தியேட்டிக் கிரியை முடிந்து ஒரு வாரத்தில் ஊரிலிருந்து இருவர் வந்து, மிகுந்த தயக்கத்தோடு, ஐயா விஞ்ஞான கூடத்துக்குத் தருவதாகச் சொன்ன மீதிப் பணத்தைப் பற்றிக் கேட்டார்கள். எங்கள் அம்மாவுக்கு அப்படியொரு வாக்குக் கொடுக்கப்பட்டதே தெரியாது. வந்தவர்கள் பொய் சொல்லவில்லை என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது; அத்திவாரம் போட்டுவிட்டு நின்றிருந்தார்கள். தவணை தவணையாக நான்கு ஆண்டுகளில் கொடுத்து முடித்தோம். கொடுத்ததற்காக அம்மா ஒருநாளும் வருந்தவில்லை. "என்னட்டைச் சொல்லியிருந்தால் நானும் சேர்ந்தெல்லோ குடுத்திருப்பன்" என்று மட்டும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் கணவர் இதுவரை யார் யாருக்கு என்னென்ன வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கொடுத்து முடித்தவற்றின் பட்டியலைவிட அந்தத் தாள் உங்களுக்கு முக்கியம்.

இனிக் குளம். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம். ஆனால் அது சரியாகச் செலவாகிறதா என்று கேட்கும் உரிமை உங்கள் குடும்பத்துக்கு இருக்கிறது. குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அல்லது பிரதேச சபையின் அனுமதி பெறப்பட்டதா? தீவுப் பகுதிகளில் நன்னீர் என்பது கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்பது. ஆழம் கூடினால் நல்லது என்று எண்ணி அளவுக்கு மீறித் தோண்டினால் உப்பு மேலே வந்து, அயற்கிணறுகளும் கெடும். எவ்வளவு ஆழம் என்பதை அதற்குரிய அறிவுள்ளவர் பார்த்துச் சொன்னாரா, மாரி தொடங்குமுன் வேலை முடியுமா, தூர்ந்துபோகாமல் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளப் போவது யார்? கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில், இரண்டு கையொப்பத்தோடு, பற்றுச்சீட்டுக் கொடுத்து நடக்கும் வேலையானால் மனம் ஆறுதலடையலாம். ஒருவர் கையில் காசாகக் கொடுத்துவிட்டு வந்த வேலையானால், இப்போதே அதைச் சங்கத்துக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். அதைச் சொல்வது ஊர்ப்பணிக்கு எதிரானதன்று. அவருக்குப் பிறகும் குளத்துக்கு ஆள் வேண்டுமே.

பெரிய தொகைதான் பெரிய சேவை என்று அவர் எண்ணத் தொடங்கிவிட்டாரோ என்றும் எனக்கு ஒரு கவலை. யாழ்ப்பாணத்தில் மில்க்வைற் சவர்க்காரத் தொழிற்சாலை நடத்திய கனகராசா அவர்களை உங்கள் வயதினர் நினைவில் வைத்திருப்பீர்கள். அவர் ஊர் ஊராகப் பனம்விதை நாட்டியவர், நாட்டத் தூண்டியவர். பனம்விதைக்கு என்ன விலை? மரத்தின்கீழ் கிடப்பது. அது வளர்ந்து பயன்தர பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும் என்று தெரிந்தே நாட்டினார். அதற்காகவே இன்றும் பேசப்படுகிறார். உங்கள் கணவரிடம் பணத்தைவிட அரிதான ஒன்று இருக்கிறது: நாற்பது ஆண்டு வியாபார அறிவு. கொள்வனவு, கணக்கு, வங்கிக் கடன் ஆகியவற்றை ஊரின் இளைஞர் நாலு பேருக்கு அவர் மாதத்தில் ஒருநாள் சொல்லிக்கொடுத்தால், அதற்காக எந்த வைப்பையும் எடுக்கத் தேவையில்லை.

மகளின் திருமணத்தைப் பற்றி ஒரு சொல். அந்தக் காசு அதற்குரியது என்று நீங்கள் "நினைத்திருந்ததாக" எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் சொன்னீர்களா? அவர் சொல்லாமல் எடுத்தார். நீங்கள் சொல்லாமல் ஒதுக்கினீர்கள். கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பேச்சைத் தொடங்கும்போது இதை நீங்களே முதலில் ஒப்புக்கொண்டால் அவருக்கும் தன் பிழையை ஒப்புக்கொள்வது எளிதாகும். மகளுக்கென்று புதிய வைப்பொன்றை, மூவரின் அறிதலோடு, இந்த மாதமே தொடங்குங்கள். சிறிய தொகையானாலும் பரவாயில்லை.

இந்தப் பேச்சைக் கடையில் வைத்துப் பேசாதீர்கள். அங்கே அவர் முதலாளி. வீட்டிலும் மகன் கோபத்தோடு இருக்கும் இரவில் வேண்டாம். மார்கழித் திருவாதிரைக்குக் காரைநகர்ச் சிவன் கோயிலான ஈழத்துச் சிதம்பரத்துக்கு எப்படியும் போவார். இம்முறை இரண்டு ஆசனம் பதிவு செய்யச் சொல்லுங்கள். மாதந்தோறும் அவர் போய்வரும் இடத்தை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. பொன்னாலைப் பாலத்தைக் கடந்து போய், மாரி நீர் நிறைந்திருக்கும் அந்தக் குளக்கரையில் இருவருமாக நின்று, என் காப்புகளும் இதற்குள் இருக்கின்றன என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் என்ன மறுமொழி சொன்னார் என்று எனக்கு எழுதுவீர்களா?