18650 செல் வாங்கும்போது எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகளில் ‘9900’ மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட 18650 செல் (மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம்-அயான் மின்கலம்) கிடைக்கிறது. அது பச்சைப் பொய். 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள அந்த உருளைக்குள் அவ்வளவு கொள்ளளவு அடங்காது. நல்ல நிறுவனச் செல்களே பெரும்பாலும் 2,500 முதல் 3,500 வரைதான்.

கொள்ளளவு மொட்டைமாடித் தொட்டியின் அளவு என்றால், தொடர் மின்னோட்ட வரம்பு (செல் இடைவிடாமல் பாதுகாப்பாகத் தரக்கூடிய மின்னோட்டம்) அதிலிருந்து இறங்கும் குழாயின் அகலம். குறைந்த மின்தடையுள்ள சூடாக்கும் சுருள் கொண்ட மின்சிகரெட்டுக்கு (இந்தியாவில் 2019 முதல் அதன் விற்பனைக்கே தடை) இந்த இரண்டாவது எண்தான் உயிர்நாடி. முழுதாகச் சார்ஜ் ஆன செல் 4.2 வோல்ட். சுருளின் மின்தடை 0.2 ஓம் என்றால், வகுத்தால் 21 ஆம்பியர். 10 ஆம்பியர் வரம்புள்ள செல்லிடம் அதைக் கேட்டால் உள்ளே கொதிக்கும்; தீப்பிடிக்கவும் கூடும். கணநேர உச்ச அளவைக் கொட்டை எழுத்தில் போடுவது விற்பவர் சாமர்த்தியம். தயாரிப்பாளரின் விவரத்தாளில் உள்ள தொடர் அளவை மட்டும் நம்புங்கள்.

செல்லைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையையும் கவனியுங்கள். செல்லின் உலோக உடல் முழுவதும் எதிர்முனை. நேர்முனைக் குமிழைச் சுற்றி மெல்லிய காப்பு வளையம்தான் இடைவெளி. அங்கே உறை கிழிந்திருந்தால் குறுக்குச்சுற்றுக்கு ஒரு சாவிக்கொத்து போதும்.

இரண்டு செல்களைத் தொடராக (ஒன்றன் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையைத் தொடும்படி) இணைத்தால் சுமை பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று இல்லாத கருவியில், அதே சுருளுக்கு 8.4 வோல்ட் கிடைத்து மின்னோட்டம் இரட்டிப்பாகும். ஒவ்வொரு செல்லும் அதை முழுதாகத் தாங்க வேண்டும்.