எழுத்தின் தலையில் ஒரு சிறு வட்டம்

வணக்கம் ஐயா,

வேதியியல் இளங்கலை முதலாண்டு படிக்கிறேன். சுண்ணாம்புக்கல் சுட்ட சுண்ணாம்பாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியும் வினைக்கு, 298 கெல்வினில் கிப்ஸ் கட்டிலா ஆற்றல் மாற்றத்தை (டெல்டா ஜி) கணக்கிட்டேன். −47,680 கிலோஜூல் வந்தது. புத்தகத்தில் விடை +130.4. நாலு தடவை போட்டுப் பார்த்தும் அதேதான் வருகிறது.

இன்னொரு சந்தேகம். டெல்டா ஜி நேர்க்குறியாக இருந்தால் வினை தானாக நடக்காது என்கிறார்கள். 25 டிகிரியில் தண்ணீர் ஆவியாவதற்கு அட்டவணை +8.6 கிலோஜூல் என்கிறது. ஆனால் ஈரத்துணி காய்ந்துவிடுகிறதே?

க.

அன்புள்ள க.,

உங்கள் −47,680ஐப் பார்த்ததுமே இடறிய இடம் தெரிந்துவிட்டது. டெல்டா ஜி என்பது என்தால்பி (வெப்ப உள்ளடக்கம்) மாற்றத்திலிருந்து, வெப்பநிலையால் பெருக்கிய என்ட்ரோபி (ஒழுங்கின்மை) மாற்றத்தைக் கழித்தால் வருவது. என்தால்பி அட்டவணை கிலோஜூலில் இருக்கும், என்ட்ரோபி அட்டவணை ஜூலில் இருக்கும். நீங்கள் 178.3 கிலோஜூலிலிருந்து 298 × 160.6 ஜூலை அப்படியே கழித்திருக்கிறீர்கள். 160.6ஐ முதலில் ஆயிரத்தால் வகுத்துவிடுங்கள். 298 × 0.1606 = 47.9. 178.3இலிருந்து அது போக மிச்சம் 130.4. கூட்டலும் பெருக்கலும் சரியாக இருந்ததால்தான் நாலு தடவையும் அதே விடை வந்தது. ஒரு மோல் கல்லைப் பிரிக்க 178 கிலோஜூல் வெப்பமே போதும் என்னும்போது நாற்பத்தேழாயிரம் எங்கிருந்து வரும் என்று விடையைப் பார்த்துக் கேட்டிருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். அப்படிக் கேட்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. அட்டவணையில் ஜி என்ற எழுத்தின் தலையில் ஒரு சிறு வட்டம் இருக்கிறதே, கவனித்தீர்களா? எல்லாப் பொருளும் திட்ட நிலையில் இருக்கும்போது கிடைக்கும் மதிப்பு என்பதற்கான அடையாளம் அது. வாயுவாக இருந்தால் 1 பார் அழுத்தம் (ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்). 25 டிகிரித் தண்ணீர், 1 பார் அழுத்தமுள்ள நீராவியாக மாறுமா என்ற கேள்விக்குத்தான் +8.6 பதில். மாறாது, அது சரி. ஆனால் துணியைச் சுற்றியுள்ள காற்றில் நீராவி 1 பார் அளவுக்கா இருக்கிறது?

உண்மையான நிலவரத்துக்கு வட்டமில்லாத டெல்டா ஜி வேண்டும். வட்டமுள்ள மதிப்போடு, வாயு மாறிலி, வெப்பநிலை, வினை ஈவின் (விளைபொருள்களின் அளவை வினைபடுபொருள்களின் அளவால் வகுத்தது) இயற்கை மடக்கை மூன்றையும் பெருக்கிக் கூட்டினால் அது கிடைக்கும். 298 கெல்வினில் மாறிலியும் வெப்பநிலையும் சேர்ந்து 2.48 கிலோஜூல்.

உங்கள் சுண்ணாம்புக்கல்லிலேயே போட்டுப் பார்ப்போம். கல்லும் சுட்ட சுண்ணாம்பும் திண்மங்கள், அவற்றுக்கு மதிப்பு 1; ஆகவே வினை ஈவில் கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் (வாயுக் கலவையில் அதன் பங்கு அழுத்தம்) மட்டும்தான் வரும். காற்றில் அது ஏறத்தாழ 0.0004 பார். அதன் இயற்கை மடக்கை −7.82. 2.48ஆல் பெருக்கினால் −19.4. ஆக 130.4 என்பது 111 ஆகக் குறைகிறது, அவ்வளவுதான். கல் அறை வெப்பநிலையில் அசையாது.

சூடாக்கினால் கதை மாறும். வட்டமுள்ள டெல்டா ஜி எந்த வெப்பநிலையில் பூச்சியமாகும் என்று பார்ப்போம். 178.3ஐ 0.1606ஆல் வகுத்தால் 1110 கெல்வின், அதாவது 837 டிகிரி செல்சியஸ். அளந்து பார்த்தால் 900க்குப் பக்கத்தில் இருக்கும். என்தால்பியும் என்ட்ரோபியும் வெப்பநிலையோடு கொஞ்சம் மாறுவதை நம் கணக்கு கண்டுகொள்ளாததால் வரும் வித்தியாசம் அது. கல்லிலிருந்து கிளம்பும் வாயு 1 பார் அழுத்தத்தைத் தொடும் வெப்பநிலை இது. 0.0004 பார் போதும் என்று வைத்துக் கணக்கிட்டால் 517 டிகிரியிலேயே டெல்டா ஜி பூச்சியமாகிவிடும். சுண்ணாம்புக் காளவாயில் வாயுவைத் தேங்கவிடாமல் வெளியேற்றுவது எதற்கு என்று இப்போது புரிகிறதா? (அந்த 517 டிகிரியில் எவ்வளவு வேகமாகப் பிரியும் என்பது வேறு கேள்வி. டெல்டா ஜி வேகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.)

ஜோசையா வில்லார்ட் கிப்ஸ் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட நீண்ட கட்டுரையில் சமநிலைக்கான இந்த அடிப்படை இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டு ஆகப்போகிறது. ஒரே சமன்பாடு காளவாய்க்கும் ஈரத்துணிக்கும் பொருந்துவதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பு அடங்கவில்லை.

துணிக்கு வருவோம். 25 டிகிரியில் ஈரப்பதம் பாதியாக இருந்தால் நீராவியின் பகுதி அழுத்தம் சுமார் 0.016 பார். அதன் மடக்கை −4.14, பெருக்கினால் −10.3. 8.6உடன் கூட்டுங்கள்: −1.7 கிலோஜூல். துணி காயும். ஈரப்பதம் நூறு சதவீதமாகி அழுத்தம் 0.032 பாரைத் தொடும்போது என்ன வருகிறது என்று நீங்களே போட்டுப் பார்த்து எழுதுங்கள்.