சொல் கேளுங்கள்

கேள்வி: பல் சொத்தைக்கும் கதிரியக்கச் சிதைவுக்கும் ஆங்கிலத்தில் 'டிகே' என்றுதான் சொல்கிறார்கள். அழுகிய பழத்துக்கும் அதையே எழுதலாமா?

பதில்: எழுதினால் பிழையில்லை, ஆனால் பாடப்புத்தக வாடை அடிக்கும். பழம் என்றால் 'ராட்டன்' என்பதே இயல்பு. 'டிகே' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். லத்தீனில் 'விழு' என்று பொருள்படும் 'கதேரே' அதன் வேர். இருந்த நிலையிலிருந்து கொஞ்சங்கொஞ்சமாக இறங்குவதுதான் அதில் முக்கியம், நாற்றம் கட்டாயமில்லை. அதனால்தான் பல், பாழடைந்த கட்டடம், மீட்டிய பின் தேயும் ஓசை, அணு எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்கிறது. 'ராட்' பழைய ஆங்கிலச் சொல். ஈரமும் துர்நாற்றமும் கூடவே வரும். பேச்சில் 'வாட் ராட்!' என்றால் 'என்ன பிதற்றல்!'. விக்கெட்டுகள் மளமளவென்று சரியும்போது ஒருவர் நின்று ஆடினால் 'ஸ்டாப் த ராட்' என்பார்கள்.

நம்மவர்கள் சறுக்குவது வேறு இடத்தில். பால் கெட்டாலும் எண்ணெய் கெட்டாலும் 'ஸ்பாயில்ட்' என்று ஒன்றையே போட்டுவிடுகிறோம். புளித்த பால் 'சவர்', திரிந்த பால் 'கர்டில்ட்', சிக்கு வாடை அடிக்கும் எண்ணெயும் வெண்ணெயும் 'ரான்சிட்'. ரொட்டியில் பூசணம் பிடித்தால் 'மோல்டி', வெறுமனே வறண்டு போனால் 'ஸ்டேல்'. தமிழில் ஊசியது, காறியது, மக்கியது, உளுத்தது என்று பிரித்துப் பேசுகிறவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

கேள்வி: இரண்டு அரைவாழ்வுக் காலம் கழிந்தால் கதிரியக்கப் பொருள் முழுவதும் தீர்ந்துவிடுமா?

பதில்: தீராது. அரைவாழ்வுக் காலம் என்றால் இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், ஆகவே இரண்டு கழிந்தால் கால் பங்கு மிஞ்சும். அயோடின்-131க்கு அரைவாழ்வுக் காலம் சுமார் 8 நாள். 80 மில்லிகிராம் இருந்தால் 8ஆம் நாள் 40, 16ஆம் நாள் 20, 24ஆம் நாள் 10. குறைந்தது காணாமல் போகவில்லை. செனான்-131 ஆக மாறியிருக்கும். பழத்தைக் குளிர்பெட்டியில் வைத்து அழுகலைத் தள்ளிப்போடலாம். அயோடினிடம் அது பலிக்காது.

கேள்வி: கதவுநிலை உதிர்வதை 'டிரை ராட்' என்கிறார்கள். ஈரமே இல்லாமல் மரம் அழுகுமா?

பதில்: அழுகாது. பெயரை நம்பாதீர்கள். மரத்தில் ஈரப்பதம் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தாண்டினால்தான் இதை உண்டாக்கும் பூஞ்சை பிடிக்கும். அது மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸைத் தின்றுவிட்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினை விட்டுவைப்பதால், மரம் பழுப்பேறி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகிறது. நாம் பார்க்கும்போது காய்ந்திருப்பதால் 'டிரை'. திருப்புளியால் குத்திப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல் இறங்கினால் உள்ளே போய்விட்டது. மேலே பெயின்ட் அடிப்பது வீண் வேலை, ஈரம் உள்ளேயே அடைபடும். முதலில் கசிவை அடைத்து, கெடாத நல்ல மரம் தெரியும் வரை வெட்டியெடுத்துவிட்டு மாற்றுங்கள். குண்டூசித் துளைகளும் மாவு போன்ற தூளும் இருந்தால் அது வண்டின் வேலை, வைத்தியமும் வேறு.