பறவைக் காய்ச்சல் செய்தி: வீட்டுக் கோழியை என்ன செய்வது, எதை வாங்கி வைப்பது?

கேள்வி: யாழ்ப்பாணம் கொக்குவிலில் நானும் கணவரும், அவருடைய 81 வயதுத் தாயாரும், தரம் 10 படிக்கும் பேத்தியும் இருக்கிறோம். பறவைக் காய்ச்சல் உலகம் முழுக்கப் பரவப்போகுது என்று லண்டனில் இருக்கும் மகள் நாளுக்கு நாலு செய்தி வட்ஸ்அப்பில் அனுப்புகிறா. மூன்று மாதச் சாமான் வாங்கி வை, வளவில் நிற்கும் ஒன்பது கோழியையும் வெட்டி முடி என்கிறா. அயலில் சிலர் முட்டையையே விட்டுவிட்டினம். கணவரோ, ‘உதெல்லாம் சும்மா கதை, 2006இலும் இப்படித்தான் சொன்னவங்கள்’ என்கிறார். நான் எதைச் செய்ய?

பதில்: கோழிகளை வெட்டவேண்டாம். மூன்று மாதச் சாமானும் வேண்டாம், இரண்டு கிழமைக்கான சாமான் போதும். முட்டை, இறைச்சியை நன்றாக அவித்துச் சாப்பிடலாம். முதலில் கோழி விஷயத்தைப் பார்ப்போம். அவசரப்பட்டால் கூடுதல் கேடு வருவது அதில்தான்.

மனிதருக்குப் பறவைக் காய்ச்சல் தொற்றிய சம்பவங்களில் பெரும்பாலானவை, நோய்ப்பட்ட அல்லது செத்த பறவைகளோடு நெருங்கிப் பழகியதால் வந்தவை. அறுப்பது, இறகு பிடுங்குவது, குடல் எடுப்பது ஆகிய மூன்றும் ஆபத்துக் கூடிய வேலைகள். பறவையின் மூச்சுக்குழாய்ச் சளியும் எச்சமும் கையிலும் முகத்திலும் தெறிப்பது அப்போதுதான். கோழி நல்ல சுகமாய் இருந்தால் வெட்டுவதால் பாதுகாப்பு எதுவும் அதிகமாகாது. நோய்ப்பட்டிருந்தால், வெட்டுவதே நோயை வீட்டுக்குள் கொண்டுவரும். 2009இல் பன்றிக் காய்ச்சல் என்று பெயர் வந்ததும் எகிப்து அரசு நாட்டிலிருந்த பன்றிகளை எல்லாம், கிட்டத்தட்ட 3 இலட்சத்தை, கொல்ல உத்தரவிட்டது. அந்த வைரஸ் அப்போது மனிதரிலிருந்து மனிதருக்குத்தான் பரவிக்கொண்டிருந்தது. பன்றிகள் போனபின்பும் காய்ச்சல் வந்தது. கெய்ரோவில் சமையற் கழிவைத் தின்று தீர்த்த பன்றிகள் இல்லாமல் போனதால் தெருக்களில் குப்பை குவிந்ததுதான் மிச்சம்.

செய்யவேண்டியது காட்டுப் பறவையையும் வீட்டுக் கோழியையும் பிரித்து வைப்பது. ஐப்பசி தொடக்கம் பங்குனி வரை நம் கடனீரேரிகளுக்கு வடக்கேயிருந்து வலசைப் பறவைகள் வந்துபோகும். இவ்வகை வைரஸ்களை இயல்பாகச் சுமப்பவை வாத்தினமும் நீர்ப்பறவைகளும். அவற்றைக் கலைக்கவோ வேட்டையாடவோ தேவையில்லை, அவற்றின் எச்சம் கோழித் தீனியில் விழாமல் பார்த்தால் போதும். தீனியையும் தண்ணீரையும் முற்றத்தில் திறந்து வைக்காமல் கூரைக்குக் கீழே வையுங்கள். காகமும் கொக்கும் நுழையாதபடி கூட்டுக்கு வலை அடியுங்கள். குளத்து நீரோ வெள்ள நீரோ வேண்டாம், கிணற்று நீரையே கொடுங்கள். கூட்டுக்குப் போக ஒரு சோடிச் செருப்பை ஒதுக்கி, அதைக் கூட்டு வாசலிலேயே கழற்றி விடுங்கள். முட்டை எடுத்தபின் சவர்க்காரம் போட்டு 20 வினாடி கை கழுவவேண்டும். இந்த வைரஸைச் சுற்றியிருப்பது கொழுப்பு உறை. சவர்க்காரம் அந்த உறையைக் கரைத்துவிடுவதால் விலைகூடிய கிருமிநாசினி இல்லாமலே அது செத்துவிடும்.

ஒன்றிரண்டு நாளுக்குள் பல கோழிகள் செத்தால், கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்தால், தலை வீங்கினால், முட்டை திடீரென நின்றால் உடனே உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்தியருக்குச் சொல்லுங்கள். நியூகாசில் எனப்படும் ராணிக்கெட் நோயிலும் ஏறக்குறைய இதே அறிகுறிகள் வரும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, ஆய்வுகூடம்தான் சொல்லவேண்டும். அதுவரை செத்த கோழியை வெறுங்கையால் தொடாதீர்கள். ஷொப்பிங் பையைக் கைக்கு உறைபோலப் போட்டுப் பிடித்து, பையை மறுபுறம் புரட்டிக் கட்டுங்கள். எங்கே புதைப்பது என்று வைத்தியரைக் கேட்டபின் புதையுங்கள். நம் நிலம் சுண்ணக்கல், நிலத்தடி நீரும் ஆழத்தில் இல்லை. கிணற்றுக்குக் கிட்டப் புதைத்தது கிணற்றுக்குள்தான் ஊறும். இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. கோழி சோர்ந்தவுடன் ‘போற விலைக்கு’ விற்றுவிடவோ அறுத்துப் பங்கு போடவோ கூடாது. நட்டத்துக்குப் பயந்து செய்யும் அந்த விற்பனைதான் ஒரு வளவு நோயை ஊர் நோயாக்கும்.

முட்டையின் வெள்ளையும் மஞ்சளும் இறுகும்வரை அவியுங்கள், அரைஅவியல் வேண்டாம். இறைச்சியின் உட்பகுதி 70 பாகைக்கு மேலே சூடாகினால் வைரஸ் அழிந்துவிடும். கொதிக்கும் கறியில் இளஞ்சிவப்புச் சதை இல்லாத அளவுக்கு வெந்தாலே அந்தச் சூடு வந்துவிடும். அயலவர்கள் பயப்படவேண்டியது பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் சம்பலுக்கு வெங்காயம் வெட்டுவதற்குத்தான்.

இனி மகளின் செய்திகளுக்கு வருவோம். ஒரு காய்ச்சல் உலகப் பெருந்தொற்று ஆவதற்கு மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். மனிதர் உடலுக்குப் புதிய வைரஸாக இருக்கவேண்டும், அது நோயை உண்டாக்கவேண்டும், ஆளிலிருந்து ஆளுக்கு விடாமல் தொடர்ந்து பரவவேண்டும். பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 வைரஸ் 1997இல் ஹொங்கொங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்த நாளிலிருந்து முதல் இரண்டும் அதனிடம் இருக்கின்றன. மூன்றாவது, இந்தப் பதிலை எழுதும்வரை, இல்லை. ஆகவே எந்தச் செய்தி வந்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: பறவையோடும் மாட்டோடும் எந்தத் தொடர்பும் இல்லாத ஆட்களிடையே, ஒரு குடும்பத்தைத் தாண்டி, சங்கிலியாகப் பரவுகிறதா? அமெரிக்காவில் 2024இல் கறவை மாடுகளில் கண்டது, அதே ஆண்டு ஏப்ரலில் கேரளத்தின் ஆலப்புழாவில் வாத்துகளில் கண்டது இரண்டுமே கவனிக்கவேண்டிய செய்திகள்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு அவை ‘ஆம்’ என்ற பதிலைத் தரவில்லை.

‘வந்தால் இரண்டு பேரில் ஒருவர் சாவாராம்’ என்ற செய்தியும் வந்திருக்கும். 2003க்குப் பிறகு உலகில் உறுதிசெய்யப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் நோயாளரில் அரைவாசிக்குக் கிட்ட இறந்தது உண்மை. ஆனால் அவர்கள் பெரும்பாலும் வைத்தியசாலைக்கு வரும் அளவுக்குக் கடுமையாக நோயுற்றவர்கள். தடிமனோடு வீட்டில் கிடந்து எழும்பியவரை யாரும் பரிசோதிக்கவில்லை, எனவே அவர் கணக்கில் இல்லை. அந்த விகிதத்தை நாளை வரக்கூடிய ஒரு பெருந்தொற்றுக்கு அப்படியே பொருத்துவது பிழை.

உங்கள் கணவர் 2006ஐச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அன்று சொன்னது வரவில்லை. ஆனால் 2009இல் வேறொரு வைரஸ், பன்றிக் காய்ச்சலின் எச்1என்1, வந்தது. உலக சுகாதார நிறுவனம் ஏப்ரல் 25இல் அவசரநிலை அறிவித்து, ஜூன் 11இல் பெருந்தொற்று என்று அறிவித்தது. இடையில் ஏழு கிழமைகூட இல்லை. ஆளிலிருந்து ஆளுக்குப் பரவத் தொடங்கியபின் அவகாசம் கிடைக்காது, அதற்கு முன்னால் நிறைய அவகாசம் இருக்கும். முதற்பயம் வரும்போது எல்லோரும் ஒரே நாளில் கடைக்கு ஓடுகிறோம். ஒன்றும் நடக்காமல் இரண்டு மாதம் போனதும் வெட்கமும் சலிப்பும் வந்து, அடுத்த அறிவிப்பைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. காசு முதல் ஓட்டத்தில் போகிறது, நம்பிக்கை இரண்டாவதில் போகிறது. பயம் வருவது இயல்பு. அந்தப் பயத்தை மெல்லச் செய்யும் வேலைக்குத் திருப்பிவிடுங்கள்.

கொரோனா வந்த 2020ஐ நினைத்துப் பாருங்கள். இறக்குமதித் தடையோடு, மஞ்சள் தண்ணீர் தெளித்தால் கிருமி வராது என்ற நம்பிக்கையும் சேர்ந்து மஞ்சள் விலை ஆயிரக்கணக்கில் ஏறியது, கடல்வழியே கடத்தியும் வந்தார்கள். மஞ்சள் தண்ணீர் வைரஸைத் தடுக்காது. அதே ஆண்டு டிசம்பரில் கேகாலையில் ஒரு பாணி மருந்துக்காக ஆயிரக்கணக்கானோர் முட்டிமோதினார்கள். நோய் பரவ அந்தக் கூட்டமே போதும். கொத்தமல்லி, இஞ்சி அவித்த தண்ணீர் தொண்டைக்கு இதமானது, தாராளமாகக் குடிக்கலாம். அதைக் குடித்ததால் தொற்றாது என்று நினைத்துக்கொண்டு செத்தவீட்டுக் கூட்டத்துக்குள் போகக்கூடாது.

பொருளாதாரத் தடைக்காலத்தையும் 2022 காஸ் வரிசையையும் கண்ட வீட்டுக்குச் சேமிப்பைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. மூன்று மாத அரிசி ஏன் வேண்டாம் என்பதை மட்டும் சொல்கிறோம். நம் வெக்கையிலும் மாரி ஈரத்திலும் வண்டு பிடிக்கும், மா கட்டிபடும், காசு முடங்கும். உங்கள் நான்கு பேருக்கு இரண்டு கிழமைக்கு அரிசி 15 கிலோ, மா 4 கிலோ, பருப்பு 3 கிலோ, சீனி 2 கிலோ, உப்பு ஒரு பைக்கற், எண்ணெய் 2 லீற்றர், தேங்காய் ஒரு டசின், குளிக்கும் சவர்க்காரம் ஆறு இருந்தால் போதும். கீரைக்கும் காய்க்கும் வளவில் முருங்கை நிற்கும். ஒரே நாளில் வாங்காமல், சங்கக்கடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ கூட வாங்கி ஆறு கிழமையில் நிரப்புங்கள். பழையதை முன்னுக்கும் புதியதைப் பின்னுக்கும் வைத்து முன்னுக்கிருப்பதைச் சமையுங்கள். காஸ் ஒரு சிலிண்டர் மேலதிகமாக இருக்கட்டும். மின்சாரம் நின்றால் மோட்டர் ஓடாது, கிணற்றுக்கு வாளியும் கயிறும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அரிசியைவிட மாமியாரின் மருந்து முக்கியம். அவர் பிரஷருக்கோ சீனிவியாதிக்கோ மருந்து எடுப்பவரென்றால், பெருந்தொற்றுக் காலத்தில் மருந்து நின்றுபோவதே அவரை வீழ்த்திவிடக்கூடும். கிளினிக் நாளுக்கு முன் மருந்து தீராதபடி இரண்டு கிழமை மருந்து கையில் இருக்க வழி உண்டா என்று கிளினிக்கிலேயே கேளுங்கள். கிளினிக் கொப்பியின் பக்கங்களை பேத்தியின் போனில் படம் எடுத்து வையுங்கள். பருவகாலக் காய்ச்சல் தடுப்பூசி புதிய வைரஸை நம்பத்தக்க அளவு தடுக்காது. ஆனாலும் 81 வயதில் சாதாரண இன்புளுவன்சாவே நியூமோனியாவில் கொண்டுபோய் விடும், ஆகவே அதைப் போடுவது பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

மருந்துப் பெட்டியில் ஒரு வெப்பமானி, பனடோல் 60, ஜீவனி (வயிற்றோட்டத்துக்கு நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) 10 பைக்கற், 50 முகக்கவசம் கொண்ட பெட்டி ஒன்று. பனடோல் வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்த முதியவருக்கு ஒரு தடவைக்கு ஒன்று. பனடோலில் இருக்கும் பரசிற்றமோல் மருந்தே தடிமன் மாத்திரைகள் பலவற்றிலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறி ஈரல் பழுதாகும். ஜீவனி ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரைக்கவேண்டும், அரைவாசி போட்டுக் கரைப்பது பிழை. வைரஸுக்கு எதிரான ஒசெல்டமிவிர் மாத்திரை அறிகுறி தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும், அதுவும் வைத்தியர் எழுதித் தரவேண்டும். அன்டிபயோட்டிக் வாங்கிப் பதுக்குவதில் பயனில்லை, அது வைரஸைத் தொடாது.

மாரி காலத்தில் உங்கள் வீட்டுக்கு வரும் காய்ச்சல் பறவைக் காய்ச்சலாக இருப்பதைவிட டெங்காகவோ எலிக்காய்ச்சலாகவோ இருக்கவே வாய்ப்பு மிகமிகக் கூட. 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் சிலர் அடுத்தடுத்து இறந்தபோது ‘மர்மக் காய்ச்சல்’ என்றே பேச்சு எழுந்தது, பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எனவே எந்தக் காய்ச்சலுக்கும் இபுப்ரொபென், டைக்குளோபெனாக், அஸ்பிரின் நீங்களாகக் கொடுக்காதீர்கள். டெங்காக இருந்தால் இரத்தக்கசிவு கூடும். (மாமியார் இதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவரென்றால் காய்ச்சல் தொடங்கியவுடனேயே வைத்தியரிடம் கேளுங்கள்.) மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். காய்ச்சல் விட்டதும் சுகம் வந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. டெங்கின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். வயல்வேலை, வெள்ளத்தில் நடந்தது, கெண்டைக்கால் உளைவு, கண்சிவப்பு, சலம் (சிறுநீர்) குறைதல் இருந்தால் எலிக்காய்ச்சலை நினைத்து அதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உண்மையில் பெருந்தொற்று வந்து வீட்டில் ஒருவர் படுத்தால் சன்னல் உள்ள அறையை அவருக்குக் கொடுங்கள். மின்விசிறி அறைக்காற்றைச் சன்னலுக்கு வெளியே தள்ளும்படி இருக்கட்டும், கூடத்தை நோக்கித் திருப்பாதீர்கள். பார்ப்பவர் ஒருவர் மட்டும், அது மாமியாராக இருக்கக்கூடாது. இருவருக்கும் முகக்கவசம். இன்புளுவன்சா தொற்றி அறிகுறி வர ஒன்று முதல் நான்கு நாள் எடுக்கும், அறிகுறிக்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவும். பனடோல் இல்லாமல் காய்ச்சல் விட்டு 24 மணித்தியாலம் ஆகும்வரை வெளியே வரவேண்டாம். அக்காலத்தில் செத்தவீட்டுக்குப் போகமுடியாவிட்டால் தொலைபேசியில் துக்கம் விசாரித்து, அந்தியேட்டி முடிந்து சனம் குறைந்தபின் போய்வாருங்கள். படுத்த வீட்டைப் பற்றி ஊரில் கதைபரப்பவேண்டாம். பேருக்குப் பயந்து நோயை மறைக்கிற வீடுதான் சுகாதார வைத்திய அதிகாரியிடம் பிந்தி வரும்.

மூச்சு வாங்குதல், நெஞ்சு நோ, உதடு நீலம் பாய்தல், தடுமாற்றம், தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமை, விட்ட காய்ச்சல் இருமலோடு திரும்ப வருதல் ஆகியவற்றில் எது வந்தாலும் 1990ஐ அழையுங்கள். அது இலவச அம்புலன்ஸ்.

மகளுக்கு இப்படி எழுதுங்கள்: ‘இரண்டு கிழமைச் சாமான் சேர்க்கிறோம், அப்பம்மாவின் மருந்து இருக்கு, கோழிக்கூட்டுக்கு வலை அடிச்சாச்சு. இனி அனுப்பும் செய்தியில் திகதி, ஊர், சொன்னது எந்த நிறுவனம் என்ற மூன்றும் இருந்தால் மட்டும் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஒருதரம் இதைப் பற்றிக் கதைப்பம்.’ வலையைக் கணவரையே அடிக்கச் சொல்லுங்கள். செய்தியை நம்பாவிட்டாலும் காகத்திடமிருந்து குஞ்சைக் காக்க அவர் அதைச் செய்வார்.