அப்பா ஒரு கட்சி, நான் ஒரு கட்சி

கேள்வி: எனக்கு வயது 34. அப்பா ஓய்வு பெற்றவர். சோவியத் காலத்திலிருந்தே ரஷ்யா மேல் அவருக்குப் பாசம். உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து எங்களுக்குள் ஒத்துப்போவதே இல்லை. புதினைப் பற்றி வாய் திறந்தால், "ஈராக்ல அமெரிக்கா செஞ்சதை ஏன் கேட்கலை?" என்பார். உக்ரைனின் புச்சா நகரில் பொதுமக்கள் கொல்லப்பட்டுக் கிடந்த படங்களைக் காட்டினால், "எல்லாம் செட்டப்" என்பார். அவர் பார்க்கும் சேனல் பொய் என்கிறேன் நான். நான் படிப்பதெல்லாம் மேற்கத்தியப் பிரசாரம் என்கிறார் அவர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை முற்றி, இப்போது என்னோடு பேசுவதே இல்லை. அம்மா நடுவில் தவிக்கிறார். உண்மை தெரிந்தும் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

பதில்: மூட வேண்டாம். ஆனால் குழுவில் திறக்காதீர்கள். உறவுக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு தகப்பன் மகளிடம் இறங்கி வருவது அபூர்வம். அங்கே நீங்கள் அனுப்பும் ஆதாரம் அவருக்கு அவமானமாகத்தான் தெரியும். "அப்பா, இதை நேர்ல பேசிக்கலாம்" என்று ஒரே ஒரு வரி போட்டு நிறுத்துங்கள். யாராவது ஒரு சித்தப்பா நிச்சயம் சீண்டுவார், பதில் போடாதீர்கள்.

அடுத்து, சேனல் சண்டை. 1982இல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டில், பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய ஒரே செய்தித் தொகுப்பை இஸ்ரேல் ஆதரவாளர்களுக்கும் அரபு ஆதரவாளர்களுக்கும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் போட்டுக் காட்டினார்கள். இரு தரப்புமே "இது எங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது" என்றது. 1985இல் வெளியான அந்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. அதனால் எந்தச் சேனல் யோக்கியம் என்ற வாதத்துக்கு முடிவே வராது. ஒரு தகவலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் அவரவர் கருத்து என்று நான் மழுப்பவில்லை. புச்சாவில் பொதுமக்கள் கொல்லப்பட்டதை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் விசாரித்து ஆவணப்படுத்தியிருக்கிறது. பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லி 2003இல் ஈராக் மீது படையெடுத்ததும், அவை கிடைக்காமலே போனதும் அதே அளவுக்கு உண்மை. ஒன்று மற்றொன்றை ரத்து செய்யாது. அப்பா ஈராக்கை இழுக்கும்போது "பேச்சை மாத்தாதீங்க" என்று பாய வேண்டாம். "அதுல நீங்க சொல்றது சரிப்பா" என்று ஒப்புக்கொண்டு, அங்கேயே நிறுத்துங்கள். "ஆனா" என்று தொடர்ந்தால் ஒப்புக்கொண்டது அவர் காதில் விழாது. புச்சா இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

அந்த நாளில், முதலில் உங்கள் தரப்பின் பொய் ஒன்றை நீங்களே எடுத்து வையுங்கள். 'கீவ் நகரின் ஆவி' என்று ஒரு போர் விமானி தனியாளாகப் பல ரஷ்ய விமானங்களை வீழ்த்தியதாகப் பரவிய கதை கற்பனை என்று உக்ரைன் விமானப்படையே 2022இல் சொல்லிவிட்டது. அதோடு சுற்றிய வீடியோ ஒரு கணினி விளையாட்டிலிருந்து எடுத்தது. இதை நீங்கள் சொல்லும்போது, அவரும் தன் பக்கத்தைச் சந்தேகித்துப் பார்க்கத் துணிவார். பிறகு, "செட்டப்னு முதல்ல யார் சொன்னாங்கப்பா? அவங்க அங்க போனாங்களா?" என்று கேளுங்கள். குரலில் கேலி கலந்தால் எல்லாம் கெட்டது. அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "ஆமா, அதைத்தான் சொல்றேன்" என்று அவர் வாயால் வந்த பிறகே உங்கள் பதில்.

குரல் உயர்ந்து நெஞ்சு படபடத்தால் பேச்சை நிறுத்துங்கள். உடல் அடங்கக் குறைந்தது 20 நிமிடம் பிடிக்கும். சும்மா எழுந்து போனால் அவமதிப்பாகத் தோன்றும். "அரை மணி நேரம் கழிச்சு வர்றேன்பா" என்று சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி திரும்பி வாருங்கள். அந்த இடைவெளியில் மனதுக்குள் அடுத்த பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தால் படபடப்பு குறையவே குறையாது.

புதினை அவர் கைவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் இளமை முழுக்க நம்பிய ஒன்றோடு கட்டிய பாசம் அது, வாதத்தில் அவிழாது. இந்த ஒரு வீடியோ பொய், அந்த ஒரு செய்தி உண்மை என்ற அளவுக்கு இருவரும் ஒத்துப்போனாலே பெரிது.

அம்மாவைத் தூது அனுப்புவதை இன்றோடு விடுங்கள். நீங்களே அப்பாவைக் கூப்பிடுங்கள். முதல் பேச்சு அவர் உடம்பைப் பற்றியோ வீட்டு வேலையைப் பற்றியோ இருக்கட்டும். போர்ப் பேச்சை அவரே எடுத்தாலும், "ஞாயிற்றுக்கிழமை நேர்ல வர்றேன், பேசுவோம்" என்று சொல்லி வையுங்கள்.