நீதிபதி மாறினால் வழக்கை முதலிலிருந்து நடத்த வேண்டுமா?

கேள்வி: எங்கள் குடும்பப் பாகப்பிரிவினை வழக்கு மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் நடக்கிறது. சாட்சி விசாரணை முடிந்து, வாதத்தில் ஒரு பகுதியும் முடிந்திருந்த நிலையில் நீதிபதிக்கு மாறுதல் வந்துவிட்டது. இனி எல்லாம் புதிதாகத் தொடங்குமா? அரசு நினைத்தால் இப்படி மாற்றிவிட முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சாட்சி விசாரணை திரும்ப நடக்காது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 18, விதி 15 இதற்காகவே எழுதப்பட்டது. முந்தைய நீதிபதி பதிவு செய்த சாட்சியத்தைத் தாமே பதிவு செய்ததுபோல் கொண்டு, வழக்கு எந்தக் கட்டத்தில் நின்றதோ அங்கிருந்து புதிய நீதிபதி தொடரலாம். குறுக்கு விசாரணையில் சாட்சி தடுமாறியதையோ, கேள்வியைத் தவிர்த்ததையோ அவர் நேரில் பார்த்திருக்க மாட்டார் என்பது உண்மைதான். ஆனால், சாட்சியின் நடத்தை குறித்து நீதிபதி குறிப்பு எழுதி வைக்க விதி 12 இடம் தருகிறது. அப்படியொரு குறிப்பு இருந்தால் அதுவும் வழக்குக் கட்டிலேயே இருக்கும்.

வாய்மொழி வாதம் மட்டும் வேறு. அது எந்தக் கட்டிலும் பதிவாவதில்லை. தீர்ப்பு எழுதப்போகிறவர் அதைக் கேட்டாக வேண்டும் என்பதால் உங்கள் வழக்கறிஞர் மறுபடியும் வாதிட வேண்டியிருக்கும். நீதிமன்றத்தின் அனுமதியுடன் எழுத்துமூல வாதத்தைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். அது வழக்கு ஆவணத்தின் பகுதியாகிவிடுவதால், நாளை இன்னொரு மாறுதல் வந்தாலும் உழைப்பு வீணாகாது. தீர்ப்பை எழுதிவிட்டு அறிவிக்காமல் ஒரு நீதிபதி மாறிச் சென்றிருந்தால், பின்னால் வருபவர் அதை அப்படியே அறிவிக்க வேண்டும் என்கிறது கட்டளை 20, விதி 2. குற்ற வழக்குகளுக்கும் ஏறக்குறைய இதே ஏற்பாடு, புதிய குற்றவியல் விசாரணை முறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 365-ஆவது பிரிவில் இருக்கிறது. சிறு குற்றங்களை விரைவாக முடிக்கும் சுருக்கமுறை விசாரணைக்கு அது பொருந்தாது.

மாறுதல் அதிகாரம் அரசிடம் இல்லை. உரிமையியல் நீதிபதிகளின் பணியிட ஒதுக்கீடு, பதவி உயர்வு, விடுப்பு உள்ளிட்ட கட்டுப்பாடு முழுவதையும் அரசமைப்புச் சட்டத்தின் 235-ஆவது உறுப்பு உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கிறது. மாவட்ட நீதிபதிகளை நியமிப்பவர், உயர் நீதிமன்றத்தைக் கலந்தாலோசித்துச் செயல்படும் ஆளுநர். அதனால் அவர்களை இடம் மாற்றுவதும் ஆளுநரின் அதிகாரமே என்று அசாம் அரசு வாதிட்டபோது, நியமனத்தோடு சேர்ந்த முதல் பணியிடத்தைத் தருவது வரைதான் அந்த அதிகாரம், அதன் பின் வரும் மாறுதல்கள் உயர் நீதிமன்றத்துக்கே உரியவை என்று 1966-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. அரசுக்கு எதிரான வழக்கைக் கேட்கும் நீதிபதியின் அடுத்த ஊரை அரசே முடிவு செய்வதைவிட, உங்கள் வழக்கு சில வாய்தாக்கள் பின்தங்குவது மேல் என்பதே என் எண்ணம்.

கேள்வி: எதிர்த்தரப்பு வாய்தா மேல் வாய்தா வாங்குகிறது. இதற்குச் சட்டத்தில் வரம்பே கிடையாதா?
– வாசகர், விருதுநகர்

பதில்: உண்டு. ஒரு தரப்புக்கு வழக்கு விசாரணையின்போது மூன்று முறைக்கு மேல் ஒத்திவைப்பு தரக்கூடாது என்கிறது கட்டளை 17, விதி 1. இந்த வரம்பைக் கொண்டுவந்த சட்டத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது சேலம் வழக்கறிஞர் சங்கம். வரம்பு செல்லும், ஆனால் கட்சிக்காரரின் கட்டுப்பாட்டை மீறிய கடும் சூழலில் நீதிபதி அதைத் தளர்த்தலாம் என்று 2005-இல் தீர்ப்பு வந்தது. அந்த விதிவிலக்குதான் இன்று நடைமுறையில் விதியாகிவிட்டது. ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் காரணம் பதியவும், உங்களுக்கு ஏற்பட்ட செலவுத்தொகையை எதிர்த்தரப்பு தரவும் உத்தரவிடும்படி உங்கள் வழக்கறிஞர் வற்புறுத்தலாம்; வெறும் ஆட்சேபத்தைவிட அது பலன் தரும்.

கேள்வி: கீழமை நீதிபதிகளின் சம்பளத்தை உச்ச நீதிமன்றம் ஏன் முடிவு செய்கிறது? மற்ற அரசு ஊழியர்களுக்கு உள்ள ஊதியக் குழு போதாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவை

பதில்: அவர்கள் அந்தப் பொருளில் ஊழியர்கள் அல்லர் என்பதுதான் அடிப்படை. அகில இந்திய நீதிபதிகள் சங்கம் தொடுத்த வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம், நீதிபதிகளை ஒப்பிட வேண்டியது அமைச்சர்களோடும் சட்டமன்ற உறுப்பினர்களோடும்தான், அவர்களுக்குக் கீழே பணிபுரியும் அதிகாரிகளோடு அல்ல என்று கூறியது. அதன் தொடர்ச்சியாக 1996-இல் நீதிபதி ஜெகந்நாத ஷெட்டி ஆணையமும், 2017-இல் நீதிபதி வெங்கடராம ரெட்டி ஆணையமும் அமைந்தன. பணம் தருவது மாநில அரசு என்பதால், தனி ஆணையம் பரிந்துரைத்த பிறகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது.

இரண்டாவது ஆணையத்தின் பரிந்துரைப்படி, புதிதாகச் சேரும் உரிமையியல் நீதிபதியின் தொடக்க அடிப்படை ஊதியம் 27,700 ரூபாயிலிருந்து 77,840 ரூபாயாக உயர்ந்தது. இது 1-1-2016 முதல் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2022 ஜூலையில்தான். நிலுவையை மூன்று தவணைகளில் 2023 ஜூன் மாதத்துக்குள் தந்து முடிக்கவும் சொன்னது. பல மாநிலங்கள் நிதிச்சுமையைக் காட்டித் தாமதித்ததால், 2024 ஜனவரியில் ஒவ்வொரு உயர் நீதிமன்றத்திலும் இதற்கெனத் தனிக் குழு அமைக்க உத்தரவானது. இரண்டு உயர் நீதிமன்ற நீதிபதிகள், அரசின் சட்டச் செயலாளர் ஆகியோருடன், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரும் அதில் இடம்பெறுவார். நிலுவை, ஓய்வூதியம் பற்றிய அன்றாடக் குறைகளைக் கேட்டுத் தீர்ப்பது அவர் பொறுப்பு.