பேட்டரி இல்லாத ஒட்டுக்கேட்பு

கேள்வி: பூனை உடம்பில் மைக், புறா மார்பில் கேமரா, குடையில் விஷம்... பழைய உளவுக் கருவிகளைப் பற்றிப் படித்தால் சிரிப்புதான் வருகிறது. ஒன்றாவது உருப்படியாக வேலை செய்ததா?

பதில்: முதலில் அந்தக் குடையை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 1978 செப்டம்பரில் லண்டன் வாட்டர்லூ பாலத்தருகே பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்கோவின் தொடையில் சுருக்கென்று ஏதோ குத்தியது. திரும்பினால், ஒருவன் குனிந்து குடையை எடுத்துக்கொண்டிருந்தான். நான்கு நாளில் மார்கோவ் இறந்துபோனார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பூனை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 1960களில் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. அந்த உயிரை அறுத்து, உள்ளே கருவி வைத்துத் தைத்தது. களத்துக்கு இது உதவாது என்று கடைசியில் அவர்களே எழுதிவைத்துவிட்டுக் கைகழுவினார்கள்.

உருப்படியாக வேலை செய்தது ஒரு பரிசுப் பொருள். 1945 ஆகஸ்டில் மாஸ்கோவில் சோவியத் சிறுவர் அமைப்பு ஒன்று, அமெரிக்க அரசு முத்திரையை மரத்தில் செதுக்கி அந்நாட்டுத் தூதர் ஹாரிமனுக்குக் கொடுத்தது. தூதர் இல்லத்துச் சுவரில் அது ஏழு ஆண்டுகள் தொங்கியது. உள்ளே பேட்டரியும் கிடையாது, ஒயரும் கிடையாது. சின்ன உலோகக் குழிவு, அதன் வாயில் மெல்லிய சவ்வு, ஒரு ஆன்டெனாக் கம்பி, அவ்வளவுதான். வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சுவார்கள். அறையில் பேசுகிற பேச்சுக்குச் சவ்வு அதிரும். அதற்கேற்பத் திரும்பி வரும் அலையும் மாறும். அதைப் பிடித்துக் கேட்பார்கள். அலையை நிறுத்திவிட்டால் ரேடியோ அலையைத் தேடும் சோதனையில் சிக்காது.

1952இல் பிடிபட்ட விதமும் அபாரம். ஒட்டுக்கேட்பவர்கள் அலையைப் பாய்ச்சட்டும் என்று, அப்போதைய அமெரிக்கத் தூதர் கென்னன் ஏதோ ஒரு பழைய கடிதத்தைச் சத்தமாகச் சொல்லி எழுதவைத்தார். நிபுணர்கள் ரிசீவரோடு அறை அறையாகத் தேடினார்கள். கடைசியில் ஒருவர் சுத்தியலை எடுத்து அந்தச் சிற்பத்தை உடைத்தார்.

இந்த ஒட்டுக்கேட்புக் கருவியைச் செய்தவர் லியோன் தெரமின், கையால் தொடாமலே வாசிக்கும் இசைக்கருவியைக் கண்டுபிடித்த மேதை. அப்போது அவர் சோவியத் அரசின் கைதி. சிறை ஆய்வுக்கூடத்தில் அடைத்துவைத்து இதைச் செய்ய வைத்தார்கள். எனக்கு மனம் ஆறாத இடம் அதுதான்.

அப்புறம், கண்டுபிடித்த அமெரிக்கா உடனே ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. கருவியைப் பிரித்து ஆராய்ந்தார்கள். பிரிட்டனின் உளவுத்துறையான எம்.ஐ.5 அதே முறையில் தனக்கும் ஒன்று செய்துகொண்டது. 1960இல் யூ-2 உளவு விமானத்தை சோவியத் சுட்டு வீழ்த்தி அமெரிக்கா கையும் களவுமாக மாட்டிக்கொண்டபோதுதான், ‘நீங்களும்தானே’ என்று ஐ.நா. பாதுகாப்பு சபையில் அந்த மரச் சிற்பத்தைத் திறந்து காட்டினார்கள்.